காற்றைச் சலிக்கும் கல்

தானியத்தைத் துப்புரவு செய்வதற்கு நம் பாட்டிமார் எத்தனை சொற்கள் வைத்திருந்தார்கள்! பதரைப் போக்கப் புடைப்பார்கள். குருணையைப் பிரிக்கக் கொழிப்பார்கள். கல்லை ஒதுக்க நாவுவார்கள். மாவைச் சலிப்பார்கள். கலந்து கிடப்பதைப் பிரித்தெடுப்பது வாழ்க்கைக்கு அவ்வளவு இன்றியமையாத வேலை. அதனால்தான் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சொல் பிறந்தது. ஆனால் நெல்லையும் பதரையும் கண்ணால் காணலாம். கண்ணுக்குத் தெரியாத காற்றிலே ஒன்றை ஏற்று மற்றொன்றை ஒதுக்க வேண்டுமானால் எந்த முறத்தைத் தேடுவது?

அந்த முறம் இன்று நம்மிடம் இருக்கிறது. துளை நிறைந்த கல்லும், துளை நிறைந்த கரியும், அண்மைக் காலத்தில் மனிதன் கோத்துக் கட்டிய துளை நிறைந்த சட்டகங்களுமே அது. 2025ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபெல் பரிசு, உலோக அணுக்களையும் கரிமச் சேர்மங்களையும் இணைத்து இத்தகைய சட்டகங்களைக் கட்டிய சுசுமு கிதகாவா, ரிச்சர்டு ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மானசகங்கோத்ரியில் இரசாயனம் படிக்கும் எனக்கும் என் தோழர்களுக்கும் அது திருவிழா நாளாகவே இருந்தது. மகிழ்ந்தோம், பேசினோம், தேர்வுக்கு வரக்கூடிய கேள்வி என்று குறித்தும் வைத்துக்கொண்டோம்.

அந்த மகிழ்ச்சியைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. ஆனால் நண்பர்களே, ஒரு கல்வியின் பயனை அளக்கும் இடம் பரிசு வழங்கும் மண்டபம் மட்டுமன்று. இந்தத் துளைக்கல்லைப் பொறுத்தவரையில், அதன் பயனை அளக்க ஸ்டாக்ஹோம் வரை போக வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து நஞ்சன்கூடு வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் போதும். அங்கே சாமராஜநகர் இருக்கிறது.

2021 மே 2ஆம் நாள் இரவும் அதையடுத்த காலையும் நமக்கு நினைவிருக்கட்டும். கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டைக் கவ்வியிருந்த காலம். சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் பிராணவாயுவுக்குத் தட்டுப்பாடு. அங்கே நிரப்பிய உருளைகள் மைசூரிலிருந்து சாலை வழியே வர வேண்டியிருந்தது. விடிவதற்குள் 24 பேர் மாண்டார்கள் என்று செய்தி வந்தது. பிழை யாருடையது என்று விசாரிக்கக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்தத் தீர்ப்பைச் சொல்வது மாணவனாகிய என் வேலையன்று. நான் கேட்பது வேறொரு கேள்வி. அந்த மருத்துவமனையின் கூரைக்கு மேலே, வேலிக்கு வெளியே, சன்னலுக்கு அப்பால், எங்கும் காற்று இருந்தது. அந்தக் காற்றில் நூற்றில் இருபத்தொரு பங்கு பிராணவாயு இருந்தது. அப்படியிருக்க, உருளை வரும் வழியை ஏன் பார்த்திருக்க வேண்டும்?

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு பிராணவாயு, ஏறத்தாழ ஒரு விழுக்காடு ஆர்கான். இவற்றைப் பிரிப்பதற்குப் பெரிய ஆலைகள் காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்குகின்றன. நைட்ரஜன் சுழியத்துக்குக் கீழே 196 பாகையிலும், பிராணவாயு 183 பாகையிலும் கொதிக்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு ஒன்றை ஆவியாக்கி மற்றதைத் தேக்குவார்கள். தூய்மை மிகுதி, பெரிய அளவில் செய்தால் செலவும் குறைவு. ஆனால் ஆலை ஓரிடத்தில், நோயாளி வேறோரிடத்தில். நடுவே லாரி, ஓட்டுநர், சாலை, அனுமதிச் சீட்டு, அதிகாரியின் கையொப்பம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மூச்சு நின்றுவிடும்.

துளைக்கல்லின் வழி இதற்கு மாறானது. மருத்துவமனை முற்றத்திலேயே நின்று, அங்கே வீசும் காற்றை அங்கேயே பிரித்துத் தரும். அதன் பெயர் ஜியோலைட். 1756ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கனிம அறிஞர் கிரான்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கினார். அது நீராவியைக் கக்கிக் கொதிப்பதுபோலத் தோன்றியது. ஆகவே கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் ‘கொதிக்கும் கல்’ என்று பெயரிட்டார். சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூண்டு கூண்டாகப் பின்னி நிற்க, அக்கூண்டுகளுக்குள் சோடியம், கால்சியம் போன்றவற்றின் மின்னேறிய அணுக்கள் குடியிருக்கும். இதுவே அதன் கட்டமைப்பு.

இதை ‘மூலக்கூறு சல்லடை’ என்று பாடநூல்கள் அழைக்கின்றன. பெயரைக் கேட்டதும் சிறியது உள்ளே போகும், பெரியது வெளியே நிற்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பிராணவாயுக் கருவியில் நடப்பது அப்படியன்று. நைட்ரஜன், பிராணவாயு இரண்டுமே அக்கூண்டுகளுக்குள் தாராளமாக நுழையும். தசராப் பொருட்காட்சிக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வாயில் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருவர் கடைக்குக் கடை நின்று வளையல் பார்ப்பார், பொம்மை பார்ப்பார், விலை கேட்பார். இன்னொருவர் எங்கும் நில்லாமல் மறுவாயில் வழியே வெளியேறிவிடுவார். நைட்ரஜன் முதல் வகை. ஜியோலைட்டுக்குள் இருக்கும் மின்னேற்றம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. பிராணவாயு இரண்டாம் வகை. அதைப் பிடிக்கும் கவர்ச்சி குறைவு. எனவே மறுமுனையில் முதலில் வந்து சேர்வது பிராணவாயு. இதையே பரப்புக் கவர்ச்சி என்கிறோம்.

கடைகள் நிரம்பிவிட்டால் என்ன செய்வது? அழுத்தத்தைக் குறைத்தால் பிடித்து வைத்த நைட்ரஜனைக் கல் விட்டுவிடும். மீண்டும் வேலைக்கு ஆயத்தமாகும். ஆகையால் இரண்டு கோபுரங்களை வைக்கிறார்கள். ஒன்று அழுத்தத்தில் நின்று பிரிக்கும்போது மற்றொன்று அழுத்தம் தணிந்து மூச்சுவிடும். பிறகு இரண்டும் முறை மாற்றிக்கொள்ளும். கிணற்றில் ஒரு சால் ஏற, மறு சால் இறங்குவது போன்ற ஏற்பாடு. அமெரிக்காவில் சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ராம் 1960ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதிலிருந்து கிடைக்கும் பிராணவாயுவின் தூய்மை சுமார் 93 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி ஆர்கான்; அது பிராணவாயுவின் கையைப் பிடித்துக்கொண்டே வெளியேறிவிடும். அதனால் தீங்கில்லை, மருத்துவத்துக்கு இத்தூய்மை போதுமானது.

நம் நாட்டில் இந்த வித்தை 2021க்கு முன் இல்லாமலில்லை. தேஜஸ் போர்விமானம் உயரத்தில் பறக்கும்போது விமானிக்குத் தேவையான பிராணவாயுவை விமானத்திலேயே பிரித்தெடுக்கும் கருவியைப் பெங்களூரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் ஒன்று உருவாக்கியிருந்தது. வானத்தில் ஒருவருக்காகச் செய்ததைத் தரையில் பலருக்காகச் செய்யலாமே என்று, நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் நிலையமாக அதைப் பெருக்கினார்கள். ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 190 நோயாளிகளுக்கு அது மூச்சளிக்கும். 2021 ஏப்ரல் இறுதியில் இத்தகைய 380 நிலையங்களைப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் முறையிலும், 120 நிலையங்களை டேராடூன் பெட்ரோலிய ஆராய்ச்சிக் கழகத்தின் முறையிலும் நிறுவ முடிவாயிற்று. அவற்றில் 48 நிலையங்களைச் செய்யும் பொறுப்பைக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று ஏற்றது.

பம்பாய் ஐ.ஐ.டி. செய்தது இன்னும் எளியது. என் கண்ணுக்கு இன்னும் அழகானது. தொழிற்சாலைகளில் நைட்ரஜன் பிரிக்கும் கருவிகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றின் கோபுரங்களுக்குள் இருந்தது கரிச் சல்லடை. அதன் துளைகளில் பிராணவாயு விரைவாகவும் நைட்ரஜன் மெதுவாகவும் புகும். ஆகவே வெளியே வருவது நைட்ரஜன். அந்தக் கரியைக் கொட்டிவிட்டு ஜியோலைட்டை நிரப்பினார்கள். குழாய் அதே, அழுத்தப்பொறி அதே. ஆனால் மறுமுனையில் வந்தது 93 முதல் 96 விழுக்காடு தூய்மையுள்ள பிராணவாயு. கருவியின் உயிர் இரும்பில் இல்லை, உள்ளே இருக்கும் மணிகளில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் விளக்க முடியாது.

இனி நாம் வெட்கப்பட வேண்டிய செய்திக்கு வருகிறேன். 2021 மே மாதத்தில் இந்த நிலையங்களுக்கான ஜியோலைட் எங்கிருந்து வந்தது? ரோம் நகரிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானங்களில் டன் கணக்கில் வந்து இறங்கியது. தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் உலகப் புகழ்பெற்ற ஜியோலைட் படிகங்களுக்குத் தாயகம். புனே, நாசிக், ஜல்காவ் வட்டாரங்களில் எடுத்த படிகங்களை அயல்நாட்டு அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கின்றன. அத்தகைய நாடு ஆபத்துக் காலத்தில் அதே இனத்துக் கல்லுக்கு விமானம் அனுப்பிற்று.

தோண்டி எடுத்த கல்லை அப்படியே கோபுரத்தில் கொட்டிவிட முடியாது என்பதை நான் அறிவேன். கருவிக்கு வேண்டியது ஆய்வுக்கூட முறையில் ஆக்கிய, ஒரே சீரான துளைகளுள்ள, நொறுங்காத சிறு மணிகள். ஆனால் அதற்கு மூலப்பொருள் யாது? சிலிக்கா, அலுமினா, காரச் சோடா. இவற்றில் எது நம் நாட்டில் இல்லாதது? மிகச் சிறந்த வகைக்கு லித்தியம் வேண்டும். அதற்கு வெளிநாட்டை நாடத்தான் வேண்டியிருக்கிறது. சோடியம் வகையை வைத்து நல்ல நிலையங்களை ஓட்டலாம். குறைவது பொருளன்று. ஆய்வுக்கூடத்தில் பத்து கிராம் செய்து கட்டுரை வெளியிட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணாமல், பத்து டன் செய்து, ஒவ்வொரு மணியும் ஒரே தரத்தில் நிற்கும்வரை விடாப்பிடியாக உழைக்கும் பழக்கமே குறைவு.

கரியின் கதையும் இதுவே. கொங்கு நாட்டில் தேங்காய்த் தொட்டி என்பார்கள், வேறிடங்களில் கொட்டாங்கச்சி என்பார்கள். எரித்துச் சாம்பலாக்கிவிடக்கூடிய அந்த ஓட்டைக் கரியாக்கி, நீராவியில் பக்குவப்படுத்தினால், ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு உண்டாகிறது. நம் கணக்கில் சொன்னால் கால் ஏக்கர் நிலம்! ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர்! முதல் உலகப் போரில் நச்சுப் புகையிலிருந்து வீரரைக் காத்த முகமூடிக்குள் இத்தகைய கரிதான் இருந்தது. அமெரிக்காவில் 1918இல் சாரணச் சிறுவர்கள் வீடு வீடாகப் போய்ப் பழக்கொட்டைகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நோபெல் பரிசு பெற்ற புதிய சட்டகங்களில் சிலவற்றுக்கு ஒரு கிராமில் 7,000 சதுர மீட்டர் வரை பரப்பு உண்டு. அது ஒன்றேமுக்கால் ஏக்கர். புதியதை நான் வியக்கிறேன். ஆயினும் காங்கேயத்துக் கரிக்குழியிலிருந்து கிளம்பும் புகைக்கும் கழிவுநீருக்கும் வழி காணாமல், பரப்பளவின் பெருமையை மட்டும் பேசும் விஞ்ஞானம் அரைகுறை விஞ்ஞானமே.

‘நிலையங்கள்தாம் வந்துவிட்டனவே, இனி என்ன குறை?’ என்று சிலர் கேட்கக்கூடும். வந்தது உண்மை. 2021 அக்டோபர் 7ஆம் நாள் வெளியிட்ட அரசுக் கணக்கின்படி, பிரதமர் நிதியிலிருந்து பணம் ஒதுக்கிய 1,224 நிலையங்களில் 1,100க்கு மேற்பட்டவை ஓடத் தொடங்கியிருந்தன. நாளொன்றுக்கு 1,750 டன்னுக்கு மேல் தரும் ஆற்றல் அவற்றுக்கு இருந்தது. இது சிறிய சாதனையன்று, பாராட்டுவோம். ஆனால் அதற்குப் பிறகு? தாளவாடிக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போகும் வழியில் ஒரு மருத்துவமனையில் இத்தகைய நிலையம் ஒன்றைக் கண்டேன். கதவில் பூட்டு, பூட்டில் துரு. காவலரிடம் கேட்டேன். ‘அது கொரோனாவுக்கு வந்தது தம்பி, இப்ப எதுக்கு?’ என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை.

பூட்டி வைத்த ஜியோலைட் பூட்டி வைத்த தங்கமன்று. அது நைட்ரஜனைவிடத் தண்ணீரை மிகுதியாக விரும்பும். காற்றின் ஈரம் உள்ளே கசிந்தால், கூண்டுகளில் தண்ணீர் குடியேறிவிடும்; பிறகு நைட்ரஜனுக்கு இடமில்லை. அழுத்தப்பொறியின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலும் கேடுதான். அப்போது பொறி ஓடும், சத்தம் கேட்கும், மானி அசையும். ஆனால் குழாயில் வருவது ஏறத்தாழ வெறுங்காற்றாகவே இருக்கும். நோயாளியின் மூக்கில் குழாயை வைத்த பிறகு அதைக் கண்டுபிடிப்பதைவிடக் கொடுமை வேறு உண்டா?

எதிர்த்தரப்பார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்குத் திரவப் பிராணவாயுவே மலிவு. இந்த நிலையம் மின்சாரத்தை விழுங்கும். மின்சாரம் நின்றால் தானும் நிற்கும். ஆகவே நாள்தோறும் இதையே நம்பி இருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நம் முன்னோர் ஏரியும் குளமும் வெட்டினார்கள், வெட்டியதோடு விட்டார்களா? குடிமராமத்து என்று ஒரு முறை வைத்தார்கள். மழை வருவதற்கு முன்னே ஊர் கூடித் தூர் வாரியது. மழை பொய்த்த ஆண்டிலும் வாரியது. பிராணவாயு நிலையத்துக்கும் ஒரு குடிமராமத்து வேண்டும். வாரம் ஒருமுறை ஓட்டுதல், வடிகட்டியை மாற்றுதல், ஈரத்தை நீக்குதல், தூய்மையை அளந்து ஏட்டில் குறித்தல். திறப்பு விழாவுக்கு மாலை உண்டு, புகைப்படம் உண்டு. வடிகட்டி மாற்றுபவருக்கு மாலை போட யார் வருவார்? அவர்தான் உயிர் காப்பவர்.

புதிய ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். புகைபோக்கியிலிருந்து கரியமிலவாயுவைப் பிடிக்கும் வேலை உலகத்தின் முன் நிற்கிறது. தூத்துக்குடியில் 2016ஆம் ஆண்டில் ஒரு காரத் தொழிற்சாலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் கரியமிலவாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்யத் திட்டமிட்டுத் தொடங்கியது. அங்கே பயன்பட்டது திரவக் கரைசல். பிடித்த வாயுவை விடுவிக்கக் கரைசலைச் சூடாக்க வேண்டும். அதற்கு எரிபொருள் செலவாகும். துளைத் திண்மங்கள் அந்தச் செலவைக் குறைக்கும் என்பது ஆராய்ச்சியாளரின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கை, அதற்கு நம் பல்கலைக்கழகமும் கைகொடுக்கட்டும். 1951இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்ற சி. என். ஆர். ராவ் திண்மப் பொருள்களின் இரசாயனத்தில் உலகப் பெயர் பெற்றார். ஆகவே இம்மண்ணுக்கு அது புதிதன்று. ஆனால் கட்டுரையில் பத்தாயிரம் முறை வாயுவைப் பிடித்து விடும் பொருள், சாமராஜநகரின் புழுக்கத்திலும் மைசூரின் ஆடி மாதச் சாரலிலும் அதே வேலையைச் செய்கிறதா என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

இனிச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நன்று. இவ்வாண்டு அவற்றோடு ஒரு சிறு வேலையையும் சேர்த்துக்கொள்வோம். சாமராஜநகர் மருத்துவமனைக்குக் கன்னடம் பேசுவோரும் வருகிறார்கள்; தாளவாடி மலையிலிருந்து தமிழ் பேசுவோரும் வருகிறார்கள். மூச்சுத் திணறும்போது இருவர் நெஞ்சும் ஒன்றுபோலத்தான் ஏங்குகிறது. கருவியோடு வரும் கையேடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதைப் படித்து இயக்க வேண்டியவர் தொழிற்பயிற்சி முடித்த ஓர் இளைஞர். இந்த மானசகங்கோத்ரியைத் தோற்றுவித்த துணைவேந்தர் குவெம்பு, தாய்மொழியில் கல்வி வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர். அவர் நட்ட மரத்தின் நிழலில் இருந்துகொண்டு, இருபது பக்கக் கையேடு ஒன்றைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுத நம்மால் முடியாதா?

கன்னட நண்பர்களை அழைப்போம். இரசாயன மாணவர் கல்லைப் பற்றி எழுதட்டும். பொறியியல் மாணவர் அழுத்தப்பொறியைப் பற்றி எழுதட்டும். மருத்துவக் கல்லூரி நண்பர்கள் தூய்மை குறைந்தால் என்ன செய்வதென்று எழுதட்டும். தமிழ் படிப்போரும் கன்னடம் படிப்போரும் மொழியைச் செப்பம் செய்யட்டும். பிழையில்லை என்று அறிந்தோர் ஒப்பிய பிறகு, ஒவ்வொரு நிலையத்தின் கதவிலும் அதன் முதல் பக்கத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லி மாவட்ட நிர்வாகத்திடம் கேட்போம். அந்தப் பக்கத்தில் மூன்று வரி இருந்தால் போதும்: இன்று பொறி ஓடியதா? ஈரம் நீங்கியதா? தூய்மை 93 உண்டா?

அடுத்த தொற்று எப்போது வரும் என்று சோதிடம் சொல்ல நான் வரவில்லை. அது வரும் நாளில் அந்த மூன்று கேள்விக்கும் ‘ஆம்’ என்ற விடை ஏட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதுகோலை எடுக்க விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.